நிமிடத்துக்கு முப்பது

எஸிஹா ஊருக்குத் தென் ஸ்பெயினில்
வாணலி என்று பட்டப்பெயர்.
ஆகஸ்ட் மதியம் அந்த வாணலியில்
ஒரு வெள்ளைக் காரை வேகவைப்பது என் வேலை.

பின்னிருக்கையில் பொம்மை.
சிலிகான் தோல், நெஞ்சுக்குள் சின்ன மோட்டார்,
நிமிடத்துக்கு முப்பது மூச்சு.
பட்டியலில் அதன் பெயர் மாதிரி மூன்று.
நாங்கள் கூப்பிடுவது கர்பான்ஸோ,
அதாவது கொண்டைக்கடலை.

கூரைக்குள் ஒளிந்திருக்கும் ரேடார்
போர்வைக்கு அடியிலும் பார்க்கும்,
நெஞ்சு ஒரு மில்லிமீட்டர் எழும்பி இறங்குவதை.
பார்த்ததும் ஹாரன், விளக்கு,
பெற்றவரின் கைபேசிக்கு ஒரு செய்தி,
அதற்கும் ஆள் வராவிட்டால் குளிர்க்காற்று.
இவற்றுக்கு நடுவே எத்தனை வினாடி விடலாம் என்று
ஆறு மாதமாகக் கூட்டம் நடக்கிறது.
'சீக்கிரம் கத்தினால் வாங்கியவருக்கு எரிச்சல்'
என்கிறார் விற்பனைப் பிரிவின் அமாதோர்,
ஏசி அறையில், சட்டைக் கை மடிக்காமல்.

அன்று ஹாரனின் ஃபியூஸைப் பிடுங்கியிருந்தோம்.
மதியத் தூக்கம் கெடுகிறதென்று
எதிர்வீட்டு ரெமேதியோஸ் அம்மாள்
நகராட்சிக்கே போய்விட்டார்.
ஆக, கார் கத்தவில்லை.
விளக்கு சிமிட்டியது;
அந்த வெயிலில் யார் கண்ணுக்குத் தெரியும்?
நான் சுவரோர நிழலில்.
மடிக்கணினியில் ஐம்பத்தொன்று, ஐம்பத்திரண்டு,
இடையே கடிப்பதற்கு ஒரு பீச் பழம்.

கண்ணாடி உடைந்த சத்தத்தில்
பழம் கையிலிருந்து விழுந்தது.

ஆரஞ்சுச் சிலிண்டர்கள் அடுக்கிய லாரி
நடுத்தெருவில், கதவு திறந்தபடி.
சிலிண்டர் போடும் ஹஸிந்தோ
ஸ்பானரும் கையுமாய்க் காருக்குள் பாதி உடம்பு.
முன் ஜன்னலை உடைத்திருந்தான்,
பிள்ளைக்கு எட்டத்தில் இருந்த பக்கம்.
அத்தனை அவசரத்திலும் அதை யோசித்திருக்கிறான்.

'மூச்சு இருக்கு! இன்னும் மூச்சு இருக்கு!'
தெருவுக்கே சொன்னான்.
முழங்கை வழியே ரத்தம்.
முதுகை வெயிலுக்குக் கொடுத்துக் குனிந்து
தன் நிழலுக்குள் அதைக் கிடத்தி
குடிக்க வைத்திருந்த தண்ணீரைக் கவிழ்த்தான்,
பிடரியில், நெற்றியில், நெஞ்சில்.

நிமிர்ந்து என்னைப் பார்த்தான்:
'நீயா பெத்தவ?'

பொம்மை.
மூன்றே எழுத்து.
தொண்டைக்கு வரவில்லை.

அதற்குள் தண்ணீர் மோட்டாரைத் தொட்டுவிட்டது.
இருபது. பன்னிரண்டு. நான்கு.
அவன் கைகளில் அந்த நெஞ்சு நின்றது.

அவன் முகத்தை நான் எழுதப் போவதில்லை.
காது வைத்துக் கேட்டான்.
மறுபடி வைத்தான்.
நான் சொன்னேன், பிறகு கத்தினேன்,
பிறகு கர்பான்ஸோவின் முதுகு ஜிப்பை இழுத்து
உள்ளே இருந்த ஒயர்களைக் காட்டினேன்.

வெகுநேரம் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்திருந்தான்.
தெரிந்த கெட்ட வார்த்தை எல்லாம் சொன்னான்,
யாரை என்று அவனுக்கே தெரியாமல்.
அப்புறம், 'எதுக்கு இது?' என்றான்.
சொன்னேன்.
'நாய்க்கும் கத்துமா?'
கத்தும். பூனைக்கும் பழக்கிக்கொண்டிருக்கிறோம்.
'அப்ப சரி' என்று எழுந்தான்.
இன்னும் ஏழு சிலிண்டர் பாக்கியாம்.

பதிவில் இருக்கிறது:
ரேடார் கண்டுகொண்டது பதினோராவது வினாடி.
தெருக் கேமராவில் இருக்கிறது:
லாரி நின்றதிலிருந்து கண்ணாடி நொறுங்கும் வரை ஒன்பது.
இந்த ஒன்பதை எழுத
அறிக்கையில் கட்டம் கிடையாது.
அமாதோர் அந்தக் காட்சியை இரண்டு முறை பார்த்தார்.
மூக்கைச் சிந்தினார்.
'கார்மேல ஒரு அறிவிப்பு ஒட்டுங்க' என்றார்.

ஒட்டினேன், பெரிய எழுத்தில்:
உள்ளே இருப்பது பொம்மை. உடைக்க வேண்டாம்.

அடுத்த செவ்வாய்.
லாரி நின்றது. இறங்கி வந்து
உதடு அசைய வாசித்தான்.
வாசித்த பிறகும்
தையல் போட்ட கையைக் கண்ணாடிமேல் குவித்து
குனிந்து பார்த்துக்கொண்டே நின்றான்,
நெஞ்சு எழும் வரை.
இறங்கும் வரை.
இன்னொரு முறை எழும் வரை.