நூறு யூனிட்டுக்கு மேல்

நூறு வரைக்கும் காசில்லை.
நூற்றி எழுபத்தி மூன்று என்று
அட்டையில் எழுதிவிட்டுப் போனார் ரீடிங்காரர்.
இரண்டு விளக்கு, ஒரு காற்றாடி, போன் சார்ஜர்,
தவணையில் சூசை வாங்கி வந்த டிவி.
இதில் எது தின்றது அந்த எழுபத்தி மூன்றை?

மூக்கையூரில் அன்று கச்சான் அடித்து
நீர் கலங்கிக் கிடந்தது.
கலங்கினால் பாசி தெரியாது.
விரலில் சுற்றும் துணியைக் காயப் போட்டுவிட்டு
வீட்டுக்குள் முங்கினேன்.

ஒவ்வொன்றாக நிறுத்தினேன்.
டிவியின் குண்டுமணி வெளிச்சத்தைக்கூட
பிளக்கைப் பிடுங்கி அணைத்தேன்.
காற்றாடி நின்ற மறு நிமிடம்
தகரத்துக்குக் கீழே
அவித்த பனங்கிழங்கு ஆனோம் பிள்ளைகளும் நானும்.
வெளியே வந்து பார்த்தால்
மீட்டரில் சிவப்புக் கண்
இன்னும் சிமிட்டுகிறது.

தண்ணீருக்கடியில் பிடிக்கும் மூச்சைப்
பிடித்துக்கொண்டு எண்ணினேன்.
ஒரு மூச்சுக்கு மூன்று சிமிட்டல்.

உப்புக்காற்று வயரைத் தின்னும்,
சுவர் வழியே கரண்ட் கசியும் என்று
வயரிங் கஸ்பார் சொல்லியிருந்தார்.
சுவரைத் தொடப் பயம்.
கண்ணாலேயே தடவிக்கொண்டு போனேன்.
ஒரு வயர் குளியல் தட்டியைத் தாண்டியது.
உடைமுள் வேலிக்கு அடியில் மணலுக்குள் இறங்கி
நண்டு மாதிரி பக்கவாட்டில் போய்
ரெஜினாள் குடிசைக்குள் ஏறியது.

என் எழுபத்தி மூன்று அங்கே சுற்றிக்கொண்டிருந்தது,
ஓர் இறக்கை வளைந்த பழைய காற்றாடியாக.
அதன் கீழே
பிறந்து பதினெட்டு நாள் ஆன ஒரு பிள்ளை,
ஒரு வேர்க்குருகூட இல்லாத முதுகோடு.

சண்டை போடத்தான் போனேன்.
வாயைக்கூடத் திறந்துவிட்டேன்.
"பொறம்போக்குக்கு மீட்டர் குடுக்க மாட்டாங்களாம்.
பட்டா கேக்குறாங்க" என்றாள்.
"அலைக்கு யாரு பட்டா குடுத்தா?
அது தெனமும் வந்து ஒக்காந்துட்டுப் போகுது."

மாசியில் ஒருத்தர் வந்தார்,
சூரியத் தகடு, மானியம் என்று.
"மொட்டை மாடி இருக்கா?"
தகரத்தைக் காட்டினேன்.
கை வைத்துப் பார்த்துச் சுட்டு உதறினார்.
இவ்வளவு வெயில் எங்களிடம் இருக்கிறது,
வைக்கத்தான் இடமில்லை.

கமுதிப் பக்கம் போகும்போது பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறேன்.
கண் எட்டும் வரைக்கும் கண்ணாடி.
தண்ணீர் என்று நினைத்து இறங்கப் போன கொக்கு
காலை இழுத்துக்கொண்டு திரும்பியது.
அங்கே வெயிலை மூட்டை கட்டி
உயரக் கம்பிகளில் ஏற்றி
யாருக்கோ அனுப்புகிறார்கள்.
அனுப்பட்டும்.
எனக்கு எழுபத்தி மூன்றுதான் கணக்கு.

வயரைப் பிடுங்கவில்லை.
பிள்ளைகள் ஓடுகிற இடம் என்பதால்
ஓட்டையில்லாத ஓஸ் பைப்புக்குள் அதை நுழைத்தோம்.
பாசிச் சீட்டில் எனக்கு விழுந்த பணத்தில்
பழசு தின்பதில் பாதிகூடத் தின்னாத
புதுக் காற்றாடி ஒன்று வாங்கினேன்.
சூசை நம் வீட்டில் மாட்ட ஏணி எடுத்தார்.
"அங்க" என்றேன்.
ராத்திரி பகலாக ஓடுவது
அவள் வீட்டில்தானே.

சிப்பி சுட்ட சுண்ணாம்பில் வஜ்ஜிரம் காய்ச்சி ஊற்றி
ரெண்டு கூரைக்கும் நானும் அவளும் அடித்தோம்.
அவள் அடித்ததில் திட்டுத் திட்டாக விட்டுப்போனது.
பச்சை உடம்பு, என்ன சொல்ல.
ஆனாலும் மத்தியானம் எங்கள் காற்றாடியை
அஞ்சிலிருந்து மூன்றுக்கு இறக்க முடிந்தது.

ரீடிங்காரர் வந்தார்.
வேலியடியில் ஓஸ் பைப்பைப் பார்த்தார்.
"தண்ணிக்கா?"
"தண்ணிக்குத்தான்."
எழுதினார்: நூற்றிப் பத்தொன்பது.

இன்னும் பத்தொன்பது இருக்கிறது.
பிள்ளைகள் தூங்கிய பிறகு
எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு
மூச்சைப் பிடித்து மீட்டர் முன்னால் நிற்கிறேன்.
நேரமாகிறது.
நெஞ்சு முட்டும் நேரத்தில்
ஒரே ஒரு தரம்
சிமிட்டுகிறது.
வேலிக்கு அந்தப் பக்கம்
பிள்ளை தும்முகிறது.