எத்தனை பேர்

ஏழு மணிக்கு வெள்ளவத்தைச் சந்தையடியில் கூடுவோம்.
நான்கு பேர், இரண்டு டோர்ச், ஒரு வெள்ளை எனாமல் அகப்பை,
மூடி தொலைந்த பேனை.
நிரோஷன் மாத்தையா பட்டியலைக் கிழித்துப் பங்கிடுவார்.
கடற்கரைப் பக்க ஒழுங்கைகள் எனக்கு.
தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

போன கிழமை இந்த ஒழுங்கையில்
இரண்டு பிள்ளைகளை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.
ஒன்று திரும்பி வந்தது.

பொடியள் தூரத்திலேயே கண்டு
"டெங்கு மிஸ்! டெங்கு மிஸ்!" என்று கத்துகிறார்கள்,
காய்ச்சலை நான்தான்
பையில் போட்டுக் கொண்டுதிரிகிற மாதிரி.
உள்ளே வாளிகள் கவிழும் சத்தம்.
நல்லது. கவிழட்டும்.

எங்கே பார்ப்பதென்று எனக்குத் தெரியும்.
பிரிஜ்ஜின் பின்தட்டு.
மணிபிளான்ட் நிற்கும் ஜாம் போத்தல்.
பீலியில் அடைத்துக்கிடக்கும் மாவிலை.
சாமிப்படத்துக்கு முன்னால் செம்பு
(அதைக் கேட்டுத்தான் தொடுவேன்).
எறிய மனம் வராமல் வைத்திருக்கும் எதிலும்
ஒரு மிடறு மழை இருக்கும்.

குடம்பிகள் அழகு. யாரிடமும் இதைச் சொன்னதில்லை.
பாதியில் விட்ட சுழியெழுத்துப் போல வளைந்து
தலைகீழாய்த் தொங்கி மூச்சு விடும்.
என் நிழல் பட்டால் போதும்,
துடித்துத் துடித்து அடிக்குப் போய்விடும்.
அசையாமல் நிற்பேன்.
மூச்சுக்கு மேலே வந்துதானே ஆகவேண்டும்.

பதினேழின் கீழ் இரண்டு.
மணியை அடித்தேன். உள்ளே ரேடியோ நின்றது.
சங்கிலி போட்ட கதவின் இடுக்கில் ஒரு கண்.
"எத்தனை பேர் இருக்கிறீங்கள் வீட்டில?"
படிவத்தின் முதல் கேள்வி. வேறொன்றுமில்லை.

குணநாயகம் உள்ளே போனார்.
நேரம் எடுத்தது.
திரும்பி வந்து இடுக்கால் நீட்டினார்
பொலித்தீனில் சுற்றிய கடதாசிக் கட்டு:
நான்கு அடையாள அட்டைகளின் பிரதி,
முத்திரை மங்கிய பொலிஸ் பதிவுத் துண்டு,
வவுனியாவிலிருந்து என்ன அலுவலாய் வந்தோம் என்ற கடிதம்,
லொட்ஜ்காரரின் கையெழுத்து.
திகதி இரண்டாயிரத்து ஏழு.
"கூடுதலா ஒருத்தரும் நிக்கேல்லை.
மகன் இப்ப பிரான்ஸில. மனிசி மோசம் போயிட்டா.
ரெண்டு பேரையும் வெட்டிக்கிடக்கு, பாருங்கோ."

பேனையை இறக்கினேன்.
"ஐயா, நான் நுளம்புக்கு வந்தனான்."

நுளம்புக்கு.
அந்தச் சொல்லை அவர் கொஞ்ச நேரம்
வாங்காமல் நின்றார்.
பிறகு சங்கிலி விழுந்தது.

இவ்வளவு துப்புரவான வீட்டை நான் கண்டதில்லை.
எந்த நேரமும் யாரும் வந்து கிளறலாம் என்று
வைத்திருந்த வீடு.
கவிழ்த்த வாளி, கவிழ்த்த கோப்பை, காய்ந்த பீலி.
அகப்பையை எடுக்கவே தேவைப்படவில்லை.

பின்முற்றத்தில் நின்று மேலே காட்டினார்.
பக்கத்துத் தொடர்மாடி, மூன்றாம் தட்டு,
பல்கனியில் பதினைந்து பூச்சாடி.
சொந்தக்காரர் மெல்பேர்னில்.
ஆடிக்கு வருவார், பூட்டைத் திறப்பார்,
படம் எடுப்பார், போவார்.
காவலாளியிடம் திறப்பு இல்லை.
சிவப்பு அறிவித்தலைக் கதவில் ஒட்டினேன்.
அதுக்குக் கீழே ஏற்கனவே இரண்டு,
என் கையெழுத்திலேயே.

வெளிக்கிடும்போது குணநாயகம் கேட்டார்,
"என்ர பேரை எழுதினீங்களோ?"
படிவத்தைத் திருப்பிக் காட்டினேன்:
ஆட்கள் இரண்டு. கொள்கலன் பூச்சியம்.
"இதில எனக்கு ஒரு கொப்பி தருவீங்களோ பிள்ளை?"

கொப்பி கொடுக்கிற வழக்கம் இல்லை.
கை கழுவுவது பற்றிய
பழைய துண்டுப்பிரசுரம் ஒன்றின் பின்பக்கத்தில் எழுதினேன்,
பரிசோதித்தேன், ஒன்றும் இல்லை.
திகதி போட்டேன். ஒப்பம் வைத்தேன்.

இருமுறை வாசித்தார்.
பொலித்தீனைப் பிரித்தார்,
எல்லாவற்றுக்கும் மேலே அதை வைத்தார்.

ஒழுங்கை முனையில் புகை அடிக்கத் தொடங்கியிருந்தது.
அடுத்த வீட்டு மணியை அடிக்காமல்
முதலில் என் பேரைச் சொன்னேன்.