எண்பது

மூன்றரைக்குக் கிளம்பியிருக்க வேண்டும்.
பீடோர் பெட்ரோல் ஸ்டேஷன் விளக்கடியில்
டிரெய்லரின் வாலை ஒருமுறை அழுத்திப் பார்த்தேன்.
கொக்கிப் பக்கம் லேசாக எழும்பியது.
மூக்கைத் தூக்கும் டிரெய்லர்
கடன் கேட்க வந்தவரைப் போல,
முதல் பத்து மைல் நல்லபடியாகத்தான் பேசும்.

“இறக்குங்க.”
“அக்கா, மணவறை முழுசுமா?”
“முழுசும்.”

தில்பகதூரும் எபனேசரும்
ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.
வாலில் கிடந்த ஜெனரேட்டர் முன்னால் வந்தது.
நான்கு பைபர் யானைகள் அச்சுக்கு நேர் மேலே.
இரண்டு மயில்கள்
கழுத்து வேறு உடல் வேறாகப் பழைய போர்வைக்குள்.
பாரத்தில் பாதிக்குமேல் முன்பக்கம்,
கொக்கியின் மேல் கொஞ்சம்,
தெரிந்தவர் தோளில் கை வைக்கிற அளவு.

நாற்பது நிமிடம் போயிற்று.

நெடுஞ்சாலையில் இடது ஓரம்தான் என் ஊர்.
எண்பதில் முள்ளை நிறுத்தினால்
உலகம் முழுக்க என்னைத் தாண்டிப் போகும்:
சிங்கப்பூர் காடி, கோழி லோரி,
தூங்குகிறவர்களை ஏற்றிய இரண்டு மாடி பஸ்.
செம்பனைக் குலை ஏற்றிய லோரிகூட
ஹார்ன் அடித்துவிட்டுப் போனது.
அதன் பின்புறத்து வட்டத்தில் எண்பது என்று எழுதியிருந்தது.

கோப்பெங் தாண்டும்போது பெண்ணின் அப்பா வடமலை.
எபனேசர் போனை என் காதருகே பிடித்தான்.
“எங்கம்மா வர்றீங்க?”
“சிம்பாங் பூலாய் கிட்ட.”
“இன்னுமா! கொஞ்சம் மிதிங்க,
இந்நேரம் ரோடு காலியாத்தானே இருக்கும்.”

காலியாகத்தான் இருந்தது.
மிதித்தேன். பொய் சொல்வானேன்.
எண்பத்தைந்து ஒன்றும் சொல்லவில்லை.
தொண்ணூறும் சொல்லவில்லை.
ஈப்போ விளக்குகள் பின்னால் போயின,
சுரங்கம் வந்தது, போனது,
அப்புறம் இறக்கம்.

வலப்பக்கம் ஒரு பஸ்
தன் காற்றை எங்கள் மேல் போட்டுவிட்டுப் போனது.
இடது கண்ணாடியில் டிரெய்லரின் மஞ்சள் விளக்கு தெரிந்தது.
மறைந்தது.
வலது கண்ணாடியில் தெரிந்தது.
மறுபடி இடது, இம்முறை இன்னும் வெளியே.
எனக்குப் பின்னால் நான்கு யானைகள்
வேறொரு ஊருக்குப் போக முடிவெடுத்திருந்தன.

கால் பிரேக்கைத் தேடியது.
அந்தக் காலை நான் நம்பவில்லை.
எல்லாவற்றிலிருந்தும் எடுத்தேன்,
ஸ்டீரிங்கை நேராகப் பிடித்தபடி,
எதையும் திருத்தாமல்,
சும்மா இருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று
அந்த ஏழு எட்டு விநாடிகளுக்குத் தெரியும்.
தூங்கிக்கொண்டிருந்த தில்பகதூர் எழுந்து
ஒரே ஒரு வார்த்தை சொன்னான்:
“தீதீ.”

தொண்ணூற்றைந்து. எண்பத்தெட்டு. எழுபது.
விளக்குகள் அதனதன் கண்ணாடிக்குத் திரும்பின.
கோலகங்சார் வரை யாரும் பேசவில்லை.
எபனேசர் தன் போனை அணைத்துவிட்டான்.

பாகான் செராய் மண்டபத்தில்
வலது மயிலை இடப்பக்கம் மாட்டிவிட்டோம்,
யாரும் கவனிக்கவில்லை.
ஒரு தூணுக்குப் பூச் சுற்ற நேரமில்லை,
போட்டோவில் அங்கே மாப்பிள்ளையின் தலைப்பாகை வந்துவிட்டது.
தாலி கட்டும் நேரத்தில் தாலி கட்டினார்கள்.
வடமலை நூறு ரிங்கிட் கழித்துக்கொண்டார்.
கையெழுத்துப் போட்டேன்.
இறக்கத்தைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை,
சொல்லியிருந்தால் நானே இன்னொரு நூறு கழித்திருப்பேன்.

இரவு பீடோர். கொய்யாக் கடைகள் மூடியிருந்தன.
டயர் ஒவ்வொன்றிலும் புறங்கையை வைத்தேன்,
குழந்தைக்குக் கொடுக்கும் முன் பால் புட்டியில் வைப்போமே,
அந்தச் சூடுதான். நல்லது.
போர்வையைப் பிரித்தால்
ஒரு மயிலுக்கு அலகு நுனியில் சில்லு போயிருக்கிறது.
கொஞ்சம் பசை, கொஞ்சம் தங்கப் பெயிண்ட்.

அடுத்த ஞாயிறு செகாமாட்.
எண்பதில் நாலரை மணி நேரம்.
சனிக்கிழமை இரவு பதினொன்றுக்குக் கிளம்ப வேண்டும்.
பையன்களிடம் பத்து என்று சொல்லியிருக்கிறேன்.