ஒலிக்குப் பொறுப்பு

கதை தர்மினனுடையது.
கமரா, விதுர்சனின் சுவிஸ் மாமா அனுப்பியது.
மிஞ்சிக் கிடந்தது சத்தம்.
ஆருக்கும் வேண்டாததால் எனக்கு வந்தது.

கையில் இருபத்திரண்டாயிரம் ரூபாய்.
அதில் ஆயிரத்து எண்ணூறு
முதல் கூட்டத்திலேயே கொத்துரொட்டியாகிவிட்டது.

கிளிநொச்சியில் கலியாண வீடியோக் கடையில்
நீள மைக் ஒன்று வாடகைக்கு உண்டு.
நாளுக்கு மூவாயிரத்து ஐந்நூறு,
அடையாள அட்டை பிணை.
நீட்டுகிற திசையை மட்டும் கேட்கும் என்றார் கடைக்காரர்.
கனகராயன்குளத்தில் நீட்டிப் பார்த்தேன்:
சுகிர்தா,
சுகிர்தாவுக்குப் பின்னால் மயில்,
மயிலுக்குப் பின்னால் நெல் வெட்டும் மெஷின்,
அதற்கும் பின்னால் ஏ-ஒன்பதில்
கியர் மாற்றும் யாழ்ப்பாணப் பஸ்.
ஒரு திசை இவ்வளவு நீளமென்று
அவர் சொல்லவில்லை.

சட்டையில் குத்துகிற சின்ன மைக்
நாலாயிரத்து அறுநூறு, வீட்டுக்கே வரும்.
அதற்கு மயில் கேட்காது.
சுகிர்தாவின் சங்கிலி கேட்கும்,
சோட்டியின் உரசல் கேட்கும்,
மத்தியானச் சோற்றுக்குப் பிறகு
வயிறு கதைப்பதும் கேட்கும்.
"ஐயோ, அழியடி" என்றாள்.
அழித்துவிட்டேன் என்றேன்.

இன்னொரு சிக்கல் அவளுடைய தொண்டை.
ஆடைத் தொழிற்சாலையில்
அறுபது மெஷினுக்கு நடுவில்
நாலு வருசம் கதைத்துப் பழகியது.
கதையில் அவள், தூங்கும் தாயின் காதருகே
"நான் போறன்" என்று கிசுகிசுக்க வேண்டும்.
அவள் கிசுகிசுத்தால்
முள் சிவப்புக்குப் போகிறது.
வேலியில் இருந்த காகமும் போகிறது.

"சத்தத்தைப் பிறகு ஒட்டலாம்,
குளம் மேலே இருந்து தெரியவேணும்."
காசு முழுக்க டுரோனுக்கு என்று தர்மினன்,
மைக்குக்கு என்று நான்.
விடிய ஒரு மணி வரை வாட்ஸ்அப்பில் சண்டை.
விதுர்சன் இரண்டு பக்கமும் கட்டைவிரல் போட்டான்.

ஞாயிறு காலை
வவுனியாப் பொடியன் ஒருவன்
டுரோனைச் சும்மா பறக்கவிட்டுக் காட்ட வந்தான்.
நான் ஹெட்போனோடு நின்றேன்.
எழும்பியது.
மெல்லிய, அறுபடாத ஒரு ரீங்காரம்.
எங்களுக்கு வீட்டை இரவல் தந்த
றஞ்சிதமலர் அக்கா
அரிசிச் சுளகைக் கீழே வைத்தார்.
அடுப்பில் தண்ணீரை ஊற்றினார்.
கொடியில் கிடந்த வெள்ளைச் சட்டைகளை,
மகனின் பள்ளிக்கூடச் சட்டைகள், ஐந்து,
ஈரத்தோடு உருவி எடுத்து
நெஞ்சோடு அணைத்தபடி
மாமரத்துக்குக் கீழே போய் நின்றார்.
கொஞ்ச நேரம்.
பிறகு எங்களைக் கண்டு சிரித்தார்.
"வண்டு எண்டு நினைச்சுப்போட்டன்."
சட்டைகளை ஒவ்வொன்றாய்
உதறி உதறித் திரும்பக் கொடியில் போட்டார்.

தர்மினன் அன்று முழுக்க வாய் திறக்கவில்லை.
குளத்தைக் கட்டில் நின்றே எடுப்பம் என்றான்,
திங்கட்கிழமை.

ஆக, சட்டை மைக் ஒன்று.
நீள மைக் இரண்டு நாளைக்கு.
பெயின்ற் உருளையின் தடி, இரவல்.
காற்றுக்கு உறை
தங்கச்சியின் கரடிப் பொம்மையின் முதுகு,
அவளுக்கு இன்னும் தெரியாது.
பற்றரி, பஸ், சோற்றுப் பார்சல் போக
மிச்சம் அறுநூற்று நாற்பது.

கிசுகிசுப்புக்கு எந்த மைக்கும் உதவவில்லை.
இரவு வேலை முடிந்து
கொம்பனிப் பஸ் இறக்கிவிட்ட கையோடு
முகம் கழுவவும் விடாமல் எடுத்தோம்.
"நான் போறன்."
தொண்டையில் அவ்வளவுதான் மிச்சமிருந்தது.

கடைசியாக வேண்டியது
வீட்டின் வெறும் சத்தம், ஒரு நிமிடம்.
வசனங்களுக்கு இடையில் ஒட்ட.
"ஒண்டும் இல்லாததை ஏன் பிள்ளை பிடிக்கிறாய்?"
என்று கேட்டாலும் அக்கா வந்து நின்றார்.
மூச்சு விடுவதுகூடத் தெரியவில்லை.
எங்களில் ஒருவருக்கும்
அப்படி அசையாமல் நிற்க வரவில்லை.
நாற்பத்தோராவது விநாடியில்
விதுர்சன் தும்மினான்.
மறுபடியும் எடுத்தோம்.