கோத்தகிரி ஏற்றம்

பலாக்கொட்டை வடிவில் டேங்க்,
வட்ட விளக்கு, ஒற்றை முள் மீட்டர்.
எழுபதுகளில் பிறந்ததாய் நடிக்கிறது;
போன ஆடித் தள்ளுபடியில் எடுத்தது.

குஞ்சப்பனை தாண்டும்வரை
பெருமையாகத்தான் இருந்தது.
பிரேக் பிடித்தால் வழுக்கவில்லை,
கொண்டை ஊசியில் திணறவில்லை.
வேஷத்துக்குள் இந்தக் காலம்
ஒளிந்து வேலை பார்க்கிறது.

சீட் மட்டும்
நிஜமாகவே எழுபதுகள்.

அரவேணு டீக்கடையில்
இடுப்பைப் பிடித்தபடி இறங்கினாள் ஜெசிந்தா.
தேயிலை லோடு டிரைவர்
வண்டியை இருமுறை சுற்றிவந்து
"என்னா அழகு!" என்றார்.

"ஆமா," என்றாள்
வர்க்கியை டீயில் முக்கி,
"நிக்கும்போது."

மீதி ஏற்றத்துக்கு
அவள் ஸ்வெட்டர் சீட்டுக்கு,
என் ஜாக்கெட் அவளுக்கு,
பனி எனக்கு.

வட்ட விளக்கின் வெள்ளை எல்இடி
அந்தப் பனியில் பனியைத்தான் காட்டியது.
இத்தனை பழசைத் தேடி ஒட்டியவர்கள்
அந்த மஞ்சள் வெளிச்சத்தை
எங்கே விட்டார்கள்?