பதினான்காம் பிரிவு

டுலூத்தில் அன்றிரவு பூஜ்ஜியத்துக்குக் கீழே இருபது.
ஏரிக்கரை விடுதியில் இரண்டாம் மாடி,
கல்யாண வரவேற்புக்கு வாடகை விடும் கூடம்.
சுவரில் யாரோ பிய்க்க மறந்த
வெள்ளிக் காகித இதயம் ஒன்று.
அதன் கீழே அவர்கள் ஐந்து பேர்,
எதிரே நாங்கள் ஆறு பேர்,
நடுவில் ஆறிப்போன காப்பி.

சம்பளம் சாயங்காலமே முடிந்துவிட்டது.
மூன்று, மூன்று, இரண்டே கால்.
கார் நிறுத்தும் கட்டணம்கூட முடிந்துவிட்டது.
மிச்சம் பதினான்காம் பிரிவு,
அதிலும் கடைசிச் சொல்.

"இரவுப் பணியில் நான்கு நோயாளிகளுக்கு ஒரு செவிலியர் இருக்க
நிர்வாகம் முயலும்."

முயலும்.
பதினேழு வருடமாக எங்களுக்குப் பழக்கமான சொல்.
அது முயன்ற ஓர் இரவில்
எனக்கு ஏழு பேர்.
ஏழாவது ஆள் மணியை அழுத்திக்கொண்டே இருந்தார்.
நான் போனபோது
மணி மட்டும் அவர் கையில் இருந்தது.
இதை நான் மேசையில் சொல்லவில்லை.
கதை வேண்டாம், எண்ணைச் சொல் என்று
பெர்னடெட் டிஃபோ முதல் நாளே சொல்லியிருந்தாள்.
எண்ணைச் சொன்னேன்.

மினியாபொலிஸிலிருந்து வந்த வக்கீல் ஸ்டர்ஜஸ்
அந்தச் சொல்லை விடுவதாக இல்லை.
பிடித்த முயலுக்கு
மூன்றே கால்.

இரண்டு நாற்பதுக்கு,
ஹீட்டர் காற்றில் வறண்டு,
அவர் மூக்கிலிருந்து முதல் சொட்டு விழுந்தது
பதினான்காம் பிரிவின் மேல்.
அடுத்தது டையின் மேல்.
தலையை அண்ணாந்தார், எல்லோரும் செய்கிற தப்பு.

மார்லிஸ் காங்கஸ் சுற்றி வரவில்லை,
மேசைக்குக் குறுக்கேயே எட்டினாள்.
"முன்னால. முன்னால சாயுங்க.
வாயால மூச்சு விடுங்க."
எலும்புக்குக் கீழே, மெத்தென்ற இடத்தைப் பிடித்தாள்.
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.
பத்து நிமிடம்.
இடையில் விட்டுப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து.

பா ஹூவா துணி நனைத்து வந்தாள்.
என்னை யாரும் கேட்கவில்லை,
கை தானே போய் நாடி பிடித்தது. தொண்ணூற்றாறு.
ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா?
விரலை உயர்த்தினார், ஆமாம்.
பெர்னடெட் அதைக் குறித்துக்கொண்டாள்
நேரத்தோடு,
பேச்சுவார்த்தைக் குறிப்பின் ஓரத்தில்.

"ஒரு நோயாளிக்கு ஆறு நர்ஸ்" என்றாள் பா ஹூவா.
"இந்த விகிதம் எனக்குச் சம்மதம்."
எதிர்ப்பக்கம் மனிதவளத் துறைப் பெண்
சிரித்துவிட்டு
வாயைப் பொத்திக்கொண்டாள்.

அதன்பிறகு யாரும் பேசவில்லை.
பேசியிருக்கலாம்.
அவர் மூக்கு எங்கள் கையில்.
ஜன்னலுக்கு வெளியே ஏரி
தன் பனிக்கட்டியைத் தானே நெரிக்கும் சத்தம்.
மார்லிஸின் கட்டைவிரல் வெளுத்துப் போயிருந்தது.

விட்டாள். நின்றிருந்தது.
முகம் கழுவி, டை இல்லாமல் வந்தார்.
"ரொம்ப நன்றி" என்றார், மனசார.
உட்கார்ந்தார்.
"எங்கள் நிலையில் மாற்றமில்லை."

ஐந்தே காலுக்குக் கிடைத்தது இவ்வளவுதான்:
தீவிர சிகிச்சையில் அந்தச் சொல் போனது.
மற்ற மாடிகளில் இருக்கிறது.
முயன்றும் முடியாத ஒவ்வோர் இரவுக்கும்
எங்களுக்கு ஒரு மணி நேரக் கூலி.
பெர்னடெட் கையெழுத்துப் போட்டுவிட்டு,
வியாழக்கிழமை வாக்கெடுப்பில்
தான் எதிர்த்தே போடுவேன் என்றாள்.
அவளோடு யாரும் வாதாடவில்லை.

கையெழுத்துக்குப் புதுப் பிரதி எடுத்தார்கள்.
கறை பட்ட தாளை மடித்து
மார்லிஸ் சிவப்புப் பையைத் தேடினாள்.
விடுதியில் ஏது சிவப்புப் பை.
நாப்கினில் சுற்றி
கோட்டுப் பையில் வைத்துக்கொண்டாள்.

ஏழு மணிக்கு ஆஸ்பத்திரியில்
லிஃப்ட் பக்கத்தில் நிறுத்திக் கேட்டாள்:
"இது எதுல சேரும்?
பூட்டுப் போட்ட காகிதப் பெட்டியா, ரத்தமா?"

யோசிக்க எனக்கு நேரமில்லை.
பலகையில் என் பெயருக்கு நேரே
ஆறு அறை எண்கள்.