எத்தனை தலையணை

"ராத்திரி படுக்க எத்தனை தலையணை?"
பாடப்புத்தகம் கொடுத்தனுப்பிய கேள்வி.
இரண்டு என்றால் ஒரு பொருள்,
மூன்று என்றால் நீர் இன்னும் மேலே ஏறியிருக்கிறது.
கெம்பம்மா யோசித்தாள்.
"தலையணையே இல்லீங்க.
புளி மூட்டைல சாஞ்சு உக்காந்துக்குவேன்,
விடியற வரைக்கும்."
சீட்டில் 'மூட்டை, ஒன்று' என்று எழுதினேன்.

காவேரிப்பட்டணம் மண்டியில்
மாங்காய் தரம் பிரிக்கிறவள்.
வீசிங் என்று சொல்லி
ஐந்து இடத்தில் புகை வைத்திருக்கிறார்கள்.
பையில் ஒரு நீல இன்ஹேலர்.
எப்படி இழுப்பதென்று யாரும் காட்டவில்லை.
காட்டியிருந்தாலும்
இந்தப் பூட்டுக்கு அது சாவியில்லை.

முன்னங்காலில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தேன்.
குழி அப்படியே நின்றது.
அவளும் குனிந்து பார்த்தாள்:
"இப்படி அமுங்குனா
நாங்க ஓரங்கட்டிருவோம் டாக்டர்."

முதுகின் அடிப்பக்கம்
சூடான சட்டியில் கல்லுப்பு பொரிகிற சத்தம்.
இடப்பக்கம் ஒருக்களிக்கச் சொன்னேன்.
மின்விசிறியை நிறுத்தினார்கள்.
டோக்கன் கூப்பிடுகிறவர் வாயை மூடினார்.
அப்புறம்தான் கேட்டது:
தொப்பூர் கணவாயில் பாரலாரி
எங்கோ தொலைவில் முனகுவது மாதிரி,
அடித்தொண்டையில்.

"சின்ன வயசுல முட்டி வீங்குச்சா?"
"எட்டு வயசுல. மாரியாத்தாளுக்கு வேண்டிக்கிட்டோம்,
சரியாப் போச்சு."
சரியாகப் போகவில்லை, அம்மா.
முட்டியை விட்டு
நெஞ்சுக் கதவுக்குக் குடிபோயிருக்கிறது.
முப்பது வருடமாய்
கதவு கொஞ்சங் கொஞ்சமாய் ஒட்டிக்கொண்டே வருகிறது.

மூன்று வாரத்துக்கொரு ஊசி. நீர் மாத்திரை.
ஊறுகாய் கூடாது (மாங்காய்க்காரியிடம் இதைச் சொல்ல
எனக்கே கூசியது).
அடுத்த முறை வந்தபோது அதே வீக்கம்.
அட்டையை வாங்கி எண்ணினேன்,
பதினான்கில் ஒன்பது மிச்சம்.
குரலை உயர்த்திவிட்டேன்.
அவள் உயர்த்தவில்லை:
"காலைல போட்டா பத்துத் தரம் போகணும்.
மண்டில பொம்பளைக்கு எடம் ஏதுங்க?"

புத்தகத்தில் கழிப்பறையைப் பற்றி ஒரு வரி இல்லை.

"வேலை எப்ப முடியும்?"
"ரெண்டு மணிக்கு."
"வீட்டுக்குப் போய் மூணு மணிக்குப் போடுங்க."
இவ்வளவுதான் வைத்தியம்.
ஒரு மணிக்கணக்கு.

தினமும் எடை பார்க்கணும் என்றதற்கு
சிரித்துவிட்டாள். நானும்.
மண்டியில் இல்லாத தராசா?
முதல் கிரேட் ஏறுமுன்
பியாரேஜான் பாயின் மின்தராசில்
செருப்பைக் கழற்றி ஏறுவாள்.
அவர் கணக்குச் சீட்டில்
செந்தூரா 312,
பீத்தர் 190,
கெம்பம்மா 43.6.

ஆனி மாதம் ஒரு விடியலில் போன்:
"டாக்டர், கெம்பம்மா நாப்பத்தஞ்சு புள்ளி எட்டு.
அனுப்பட்டா?"
லாரி ஏற்றுகிற அதே குரல்.
"அனுப்புங்க பாய், உடனே."
அன்றிரவு அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில்
கிட்டத்தட்டப் படுத்தே தூங்கினாள்.

பலூன் வைத்துக் கதவைத் திறக்க
சேலத்தில் தேதி ஐப்பசிக்குத்தான்.
ஆடி முடிந்தால் மண்டி காலி,
தராசு தக்காளிக்கு ராயக்கோட்டை போய்விடும்.
"நடுவுல ரெண்டு மாசம் என்ன செய்வீங்க?"
"ரேஷன் கடைல கேட்டு வெச்சிருக்கேன்,
அரிசி போடறதுக்கு முன்னாடி ஏறிக்கலாமாம்.
ஆனா டாக்டர்,
அது அரைக்கிலோ கூடத்தான் காட்டும்.
கழிச்சு எழுதிக்கோங்க."